பணிஸ் சாப்பிடாத பன்னிரண்டு நாள்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் காலையில் நடக்கிறவர்களுக்கு இலைக்கஞ்சி விற்கும் ஒருவர் இருக்கிறார். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, அதற்குள் பெரிய பிளாஸ்க் ஒன்றை வைத்திருப்பார். நடந்து முடித்தவர்கள் வியர்வையோடு நின்று ஆளுக்கொரு கோப்பை குடித்துவிட்டு, அன்றைய நாளுக்குரிய நல்ல காரியத்தைச் செய்து முடித்த முகத்தோடு வீட்டுக்குப் போவார்கள். நானும் நடக்கிறேன். சீனி வருத்தம், நடக்காமல் தப்ப முடியாது. கஞ்சி மட்டும் குடிப்பதில்லை. கூட நடப்பவர்கள் கேட்டால் கசப்பு என்று சொல்லிவைப்பேன். உண்மை வேறு. அரைத்த பச்சை இலையின் வாசம் மூக்கில் பட்டால் போதும், என் வலது கைப் பெருவிரல் தன்பாட்டில் ஒரு ஊசிக் குழாயை அழுத்தத் தொடங்கிவிடும்.

அது ஒரு கினிபிக்குக்குச் சாப்பாடு ஊட்டிய விரல். சிரிக்காதீர்கள், முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கினிபிக்கைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முயலையும் எலியையும் படைத்த கையோடு மிச்சம் கிடந்த மாவில் கடவுள் உருட்டி வைத்த பிராணி அது. வால் கிடையாது, கழுத்தும் இருப்பதாகத் தெரியாது. நாங்கள் அப்போது கல்குடாவில் இருந்தோம். கலியாணம் கட்டி ஆறாவது மாதம் என் மனைவி வதனி தன் சிநேகிதி வீட்டிலிருந்து ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அதைக் கொண்டுவந்தாள். மேலே மண்ணிறம், கீழே வெள்ளை. பேக்கரியில் தட்டோடு எடுத்து வைத்த சீனிப் பணிஸ் மாதிரியே இருந்ததால் பணிஸ் என்று பெயர் வைத்தோம். பக்கத்து வளவில் இருந்த சின்னம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எலியக் கொண்டுவந்து வளக்கிறியளா? மறுகா அதுக்குப் பின்னால பாம்பும் வரும், அதையும் வளருங்க" என்றா.

பாம்பு வரவில்லை. ஆனால் பணிஸுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வதனியின் குரல் கேட்டால் பின்னங்காலில் எழுந்து நின்று 'வீக், வீக்' என்று விசிலடிக்கும். எனக்கு அடிக்காது. நான் எத்தனையோ விதமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன், ஒரு தடவைகூட அடிக்கவில்லை. பொறாமைப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பட்டேன்.

அடுத்த வருடம், மட்டக்களப்பு டவுனில் கட்டத் தொடங்கிய வீட்டை முடிக்கவென்று வதனி குவைத்துக்குப் போனாள். இரண்டு வருட ஒப்பந்தம். ஒரு வீட்டில் இரண்டு பொடியன்களைப் பார்க்கிற வேலை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் போன் தருவார்கள் என்றாள். வெள்ளி பின்னேரம் நான்கு மணிக்கு எங்கள் வீட்டில் போன் அடிக்கும். முதற் கேள்வி பணிஸ் எப்படி. இரண்டாவது, சின்னம்மாவுக்குக் கால் நோவு எப்படி. மூன்றாவதாக நான். எங்களுக்குப் போனில் பேசத் தெரியாது. என்ன சமைச்சீங்க என்பாள், சோறு என்பேன். அங்க வெயிலா என்பேன், ஓம் என்பாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கும். அப்போது நான் போனைப் பணிஸின் கூட்டுக்குப் பக்கத்தில் பிடிப்பேன். அவள் "பணிஸ்" என்பாள். அது விசிலடிக்கும். அவள் சிரிப்பாள். எங்கள் குடும்ப வாழ்க்கை அந்த விசிலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால் எங்களுக்குள் பேச ஒன்றுமே இருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்துகொண்டும் நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். "புல்லுத்தான் அதுக்குச் சாப்பாடு, ஒவ்வொரு நாளும் புல்லு" என்று வதனி போகும்போது பத்துத் தடவை சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு வாழைச்சேனையில் ஐஸ் போடுகிற இடத்தில் வேலை. மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் கட்டி அடித்து ஏற்றுவது. அமோனியா வாசத்தோடும் நனைந்த காற்சட்டையோடும் வீட்டுக்கு வருகிறவன் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு வயல் வட்டைப் பக்கம் போய் அறுகம்புல் அறுப்பதென்றால் எப்படி? வழியில் பேக்கரி இருந்தது. பணிஸுக்குப் பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுத்தால் இன்னும் விருப்பமாகத் தின்னும். கொழுகொழுவென்று வந்தது. நன்றாகத்தான் வளர்க்கிறோம் என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

கினிபிக்கின் பல் சாகும்வரை வளரும் என்பதும், புல்லைக் கடித்து அரைத்தால்தான் அது தேயும் என்பதும் எனக்குத் தெரியாது. பத்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், தாடை நனைந்திருக்கிறது. சாப்பாட்டுக்குக் கிட்டப் போகிறது, மணக்கிறது, பின்னுக்கு வந்து மூலையில் குந்துகிறது. என்னோடு வேலை செய்த ராசிக் காக்கா ஆடு வளர்க்கிறவர், அண்ணன் முறையில்தான் காக்கா என்பேன். அவரிடம் மிருக டொக்டரின் நம்பர் இருந்தது. திங்கட்கிழமை லீவு போட்டுக்கொண்டு சப்பாத்துப் பெட்டியோடு மட்டக்களப்பு பஸ் ஏறினேன். பக்கத்து சீற்றில் இருந்த மனிசி பெட்டிக்குள் என்ன என்று கேட்டா. பணிஸ் என்றேன். பொய் சொல்லவில்லை.

டொக்டர் என்னைவிட வயது குறைந்த பெண். சின்ன ரோச் வெளிச்சத்தில் வாய்க்குள் பார்த்தவர், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?"

"புல்லு..."

"புல்லுத் திண்ட பல் இப்பிடி வளராது அண்ணா. கடவாய்ப் பல் ரெண்டும் நாக்குக்கு மேலால வளைஞ்சு வந்திரிக்கி."

மயக்கம் கொடுத்துப் பல்லை அராவினார். முடிந்ததும் துவாயில் சுற்றி என் கையில் தந்தார். "பல்லு இப்ப சரி. ஆனா வாய் நோகும், உடனே சாப்பிடாது. தானாச் சாப்பிடத் தொடங்குமட்டும் நீங்கதான் குடுக்கணும். புல்லை அரைச்சு, இந்த ஊசிக் குழாயால, மூணு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. இதுகள்ற வயிறு சும்மா கிடந்தா ஆளே போயிரும். ஒவ்வொரு நாளும் நிறை பாருங்க." நோவுக்கு ஒரு மருந்தும் தந்தார்.

அன்றைக்கே வட்டைக்குப் போய் ஒரு கட்டு அறுகம்புல் அறுத்தேன். கழுவி, வெட்டி, கிரைண்டரில் அடித்து, வதனியின் பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டு கிழித்து, அதில் ஊற்றி நன்றாகப் பிழிந்தேன். கண்ணாடி மாதிரிப் பச்சைச் சாறு இறங்கியது. வடி என்று டொக்டர் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் இலையை அரைத்தால் வடிப்போம், அவ்வளவுதான். கஞ்சிக்கென்றாலும் வடிப்போம், கைமருந்துக்கென்றாலும் வடிப்போம். சக்கையைச் சின்னம்மாவின் கோழிகளுக்கு எறிந்தேன். அவை அடிபட்டுக்கொண்டு தின்றன.

செவ்வாயிலிருந்து பெட்டியோடு வேலைக்குப் போனேன். ஐஸ் அடிக்கிற மெசின் போடுகிற சத்தத்தில் மனிதனுக்கே நெஞ்சு நடுங்கும். ராசிக் காக்கா ஊட்டுகிற நேரத்துக்கு மெசினை நிற்பாட்டிவிடுவார். வள்ளக்காரர்கள் பெட்டிகளோடு வரிசையில் நின்று கத்துவார்கள். "கொஞ்சம் பொறுங்க, மாப்பிள சாப்பிடுறார்" என்பார். ஊட்டி முடிந்ததும் மீன் நிறுக்கிற தராசில் வைப்போம். முதல்நாள் தொள்ளாயிரம் கிராம். புதன்கிழமை எண்ணூற்று அறுபது. வியாழன் எண்ணூற்றுச் சொச்சம். புழுக்கை சீரகமளவுக்குச் சிறுத்து, பிறகு அதுவும் இல்லாமற் போனது. தராசின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காக்கா "குறையிது தம்பி" என்றார். நேரம் தவறாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊட்டினேன். அது என் கையில் கிடந்து செத்துக்கொண்டிருந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நான்கு மணிக்குப் போனும் வந்தது. நெட் சரியில்லை என்று சொல்லி வீடியோவைப் போடாமல் பேசினேன்.

"பணிஸ்" என்று கூப்பிட்டாள்.

பணிஸ் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, வாயைக் குவித்து, 'வீக், வீக்' என்றேன். ஒரு லீவு நாளில் யாருமில்லாத நேரம் நீங்களும் முயன்று பாருங்கள், எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று தெரியும்.

அவள் சிரிக்கவில்லை.

"வீடியோவப் போடுங்க" என்றாள்.

போட்டேன். பெட்டிக்குள் காட்டினேன். அவள் கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் அதைப் பார்த்த விதம் டொக்டர் பார்த்தது போல இருந்தது.

"எத்தின நாள்?"

"நாலு. பல்லு அராவினது. மறுகா சாப்பிடுதில்ல. நான்தான் ஊட்டுறன் புள்ள, நேரத்துக்கு நேரம்."

"என்ன ஊட்டுறீங்க?"

"புல்லுச் சாறு."

"வடிச்சா?"

"ஓம். துணியில, நல்லா வடிச்சு." இதைச் சொல்லும்போதும் எனக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது.

"சக்கை?"

"சின்னம்மாட கோழிக்கு."

"ஐயோ கடவுளே. தண்ணிய மட்டும் குடுத்தா வயிறு எப்பிடி ஓடும்? அந்தச் சக்கதான் அதுக்குச் சாப்பாடு."

"குழாய் அடைக்குமே."

"குழாய்ட வாயக் கத்தியால வெட்டி விடுங்க. இன்னொருக்கா அடிங்க, மா மாதிரி வரணும். போங்க, நான் இருக்கன்."

போனைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு ஓடினேன். அடித்தேன், வடிக்கவில்லை. குழாயின் நுனியை வெட்டினேன். பணிஸைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு குழாயை நேரே வாய்க்குள் விட்டேன். அது தலையை ஆட்டித் துப்பியது.

"முன்னால விடாதீங்க, புரை ஏறும். கன்னத்துப் பக்கத்தால. கொஞ்சமா. விழுங்கினாப் பிறகுதான் மற்றது." நான் மறுபடியும் பிழையாகவே செய்தேன். அவள் கதவுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "இஞ்ச பாருங்க" என்று தன்னுடைய போனைத் திருப்பினாள்.

ஒரு கட்டில் தெரிந்தது. அதில் சாய்த்து வைத்தபடி ஒரு வயதான அரபுப் பெண். முகத்தின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. வதனியின் கை தெரிந்தது. கையில் என்னுடையதைவிடப் பெரிய குழாய், நுனி வெட்டியது. நல்ல பக்கத்துக் கன்னத்தால் கொஞ்சமாக விட்டாள். காத்திருந்தாள். தொண்டையில் இரண்டு விரலை வைத்து மெதுவாகத் தடவினாள். அந்த அம்மா விழுங்கினா. துணியால் வாயைத் துடைத்துவிட்டு, அடுத்ததை விட்டாள். "கண்டீங்களா?" என்றாள்.

அவள் அங்கே ஊட்ட, நான் இங்கே ஊட்டினேன். பணிஸ் துப்பாமல் விழுங்கியது.

குழாய் முடிந்த பிறகு கேட்டேன். "அந்தப் பொடியன்கள் ரெண்டு பேரும்?"

"அவங்க வீட்ட நான் ரெண்டு மாசந்தான் இருந்தன். மறுகா அந்த வீட்டு மேடத்திட அம்மாவப் பாக்க அனுப்பிட்டாங்க, இவதான்."

பத்து மாதமாக ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பொடியன்களின் குழப்படியைப் பற்றி எனக்குக் கதை சொல்லியிருக்கிறாள். சின்னவன் சுவரில் கீறியது, மூத்தவன் சப்பாத்தை ஒளித்தது. நானும் சிரித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் போன் என்பதும் கதைதான் என்று அப்போதுதான் சொன்னாள். போன் நாள் முழுக்க அவளிடம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் பேசினால் எங்காவது வாய் தவறிவிடும் என்று அவளுக்குப் பயம்.

"ஏன் புள்ள எனக்குச் சொல்லல்ல?"

"பீ மூத்திரம் அள்ளுறன் எண்டு சொன்னா நீங்க வா எண்டுவீங்க. நானும் வந்திருவன். வீடு பாதியில கிடக்கும்." பிறகு கேட்டாள், "நீங்க ஏன் பணிஸுக்குப் பல்லு அராவினத எனக்குச் சொல்லல்ல?"

நான் பணிஸின் தாடையைத் துடைத்தேன். அவமானமாக இருந்தது. அவள் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து எட்டு நாள், அந்த அம்மாவுக்கு ஊட்டுகிற நேரத்தையும் பணிஸுக்கு ஊட்டுகிற நேரத்தையும் ஒன்றாக்கிக்கொண்டோம். பகலில் இரண்டு தடவை, ஐஸ் மூட்டைகளுக்குப் பின்னால் நான், கட்டிலுக்குப் பக்கத்தில் அவள். ஊட்டும்போது கண் குழாயில் இருக்கும், முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. அதனாலோ என்னவோ வாய் தன்பாட்டில் பேசியது. பேக்கரிக் கதையைச் சொன்னேன், திட்டு வாங்கினேன். ஐஸ் வேலையை எனக்குப் பிடிக்கவில்லை என்றும், அவள் திரும்பி வரமாட்டாள் என்று ஒரு பயம் இருக்கிறது என்றும் சொன்னேன். முதல் மாதம் முழுக்கக் குளியலறையில் தண்ணியைத் திறந்துவிட்டு அழுததை அவள் சொன்னாள். அந்த அம்மா ஒருநாள் நல்ல கையால் வதனியின் கன்னத்தைத் தொட்டதையும் சொன்னாள். கலியாணம் பேசிய நேரம் என்னை முதலில் பார்த்தபோது பிடிக்கவேயில்லை என்றாள். அதைக்கூட என்னிடம் சொல்கிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பயத்துக்குள்ளும், அந்த நாட்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

தராசு முதலில் அசையாமல் நின்றது, பிறகு இருபது, முப்பது கிராமாக ஏறியது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம், ஊட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தபோது, கீழே கிடந்த ஒரு அறுகம்புல்லின் நுனி பணிஸின் வாய்க்குள் இருந்தது. தாடை பக்கவாட்டில் ஆடியது. புல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், முழுவதும் போய்விட்டது. போனைக் கிட்டப் பிடித்தேன். ராசிக் காக்கா மெசினைப் போட மறந்து நின்றார். வதனி அழுதாள்.

"இனி ஊட்டத் தேவல்ல" என்றாள் பிறகு.

"ஓம்" என்றேன்.

அடுத்த நாள் அந்த நேரத்துக்கு நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எதைச் சொல்லி எடுப்பது என்று தெரியவில்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை அவள் எடுத்தாள். பணிஸ் விசிலடித்தது.

பணிஸ் அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குக் கிட்ட இருந்து, ஒரு மழை நாளில் செத்தது. அன்றைக்கே அவளிடம் சொன்னேன். அந்த அம்மாவும் சில மாதத்தில் போய்விட்டா. ஐஸ் போடுகிற இடத்தை மூடிவிட்டார்கள், ராசிக் காக்கா மகளோடு கொழும்பில் இருக்கிறார். வதனி ஊருக்கு வந்தாள், நாங்கள் டவுனுக்கு மாறி வந்துவிட்டோம், வீடும் கட்டி முடிந்தது. எங்களுக்குள் சண்டை சச்சரவு கிடையாது, அந்த எட்டு நாள் பேசின மாதிரிப் பேச்சும் கிடையாது. எனக்கும் வேலை முடிய இருட்டிவிடும், அவளுக்கும் தையல் இருக்கிறது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சாப்பிட்டீங்களா?" என்பாள்.

நான் ஓம் என்பேன். பல நாட்களில் சாப்பிட்டிருக்க மாட்டேன்.