பற்றவைத்து அணைத்த அடுப்பு

சிங்காநல்லூரிலிருந்து சூலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த ஒரு வியாழக்கிழமை மாலை, இன்று அடுப்பைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். பம்பு பட்டறை ஒன்றின் அலுவலகத்தில் பகல் முழுக்கப் போனில் வாடிக்கையாளர்களைச் சமாதானம் செய்வது என் வேலை. வீட்டுக்கு வந்தால் கணவருக்கு உப்புக் குறைத்து ஒன்று, மாமியாருக்குக் குழைய வேகவைத்து ஒன்று. கால் கடுக்கிறது என்றால் தைலம் எடுத்துக் கொடுப்பார்கள். கரண்டியை யாரும் வாங்கிக்கொள்வதில்லை.

வாரத்தில் ஒரே ஒரு சாயங்காலம், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பையில் இரண்டு டுனா டின் இருந்தன. கடற்கரை ஊர்களில் சூரை என்று சொல்லும் மீன்தான். வெந்தே வருவதால் திறந்து தண்ணீரை வடித்தால் போதும். வெள்ளரி, தக்காளி, சிவப்பும் மஞ்சளுமாகக் குடைமிளகாய், நாலு சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கினேன். ஒரு டின் மீனோடு கலந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகுத்தூளும் துளி உப்பும் போட்டேன். மேலே மாதுளை முத்து. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. திருவிழாக் கடை மாதிரி அத்தனை நிறம்.

மாமியார் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்க்கவில்லை, அடுப்பைத்தான் பார்த்தார்.

"ஏனம்மணி, அடுப்பு பத்த வெக்கலையா?"

"இன்னைக்கு வேண்டாங்க அத்தை. இதும் பிரட்டும் இருக்குதுங்க."

"அடுப்பு பத்தாம கெடக்கறதுக்கு இது என்ன எழவு ஊடா கண்ணு?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "யாரும் சாகலைங்க. நாந்தான் பாதி செத்து வந்திருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டேன். கோபத்திலும் இந்த 'ங்க' மட்டும் எங்களை விடாது. ஹாலில் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மாமனார் இறந்தபோது அந்த அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்தது. அதற்கு முன்போ பின்போ ஒரு மாலைகூட அது குளிர்ந்து கிடந்ததில்லை. அவர் போன பிறகு அப்படிக் கிடக்காமல் பார்த்துக்கொண்டது நான்தான்.

மாமியார் என்னைத் தாண்டி அடுப்பிடம் போனார். லைட்டர் டக் டக்கென்றது. சோற்றுக்கு உலை வைக்கப் போகிறார், என் மானத்தை வாங்காமல் விடமாட்டார் என்று நினைத்தேன். அடுப்பின் மேல் பாத்திரமே இல்லை. வெறும் நெருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், அதை அணைத்தார்.

"பத்த வெச்சு அணைச்சுப்போட்டேன். வா, திங்கலாம்."

மூவரும் தின்றோம். உப்புப் பத்தவில்லை என்றார் மாமியார். உப்பைக் குறைக்க வேண்டிய கணவர் ஊறுகாய் தொட்டுக்கொண்டார். எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை, மன்னிப்புக் கேட்கவும் தெம்பில்லை.

அடுத்த வியாழன் மழை. பஸ் தாமதம். போன வாரம் நடந்தது ஒருநாள் கூத்து, இன்று ரசத்துக்குப் புளி ஊற வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் படியேறினேன். மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு கையில் மிச்சமிருந்த டின். மறு கையை நீட்டி என் பையை வாங்கிக்கொண்டார்.

"அடுப்பு பத்த வெச்சு அணைச்சாச்சு கண்ணு. நீ செத்த நேரம் உக்காரு. இதை எப்படித் தொறக்கறதுன்னு மட்டும் சொல்லு."