கிராம்பு குத்தினது அவருக்கு

என் வீட்டுக்காரர் போனதிலிருந்து என் மகள் காலையில் சாப்பிடுவதில்லை. கீரனூரிலிருந்து திருச்சிக்குக் காலேஜுக்குப் போகிறவள். தட்டில் இட்லியை வைத்தால் பிய்த்துப் பிய்த்துக் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். கேட்டால் "பசிக்கலம்மா" என்ற ஒரே பதில். வயசுப் பிள்ளை வெறும் வயிற்றோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறாளே என்று எனக்கு ஒரே கவலை. கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். சுவரோடு பேசியது மாதிரிதான்.

அவருக்குத் திருச்சியில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. மற்ற வீட்டு ஆம்பளைகள் கறிக்கடையில் நிற்கும் நேரத்தில் இவர் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருப்பார். ஊரடங்குச் சமயத்தில் போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. முதல் தடவை செய்ததை எறிந்திருந்தால் நாய்க்கு மண்டை உடைந்திருக்கும். பிறகு கை வந்துவிட்டது. மைதாவில் ஈஸ்ட் போட்டு, வெதுவெதுப்பான பால் ஊற்றிப் பிசைந்து, உப்ப விட்டு, சப்பாத்தி மாதிரி தேய்த்து, வெண்ணெய் தடவி, நாட்டுச்சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி, பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டித் துண்டு போடுவார். ஓவனில் வைத்தால் வீடே மணக்கும். மகள் அதைச் சின்னமன் ரோல் என்பாள். அவருக்கு வெறும் ரோல்தான்.

அப்பனும் மகளும் சேர்ந்துகொண்டு என்னை அடுப்படியிலிருந்து விரட்டிவிடுவார்கள். "ஞாயித்துக்கெழம ஒனக்கு இங்க வேலயில்ல, அங்கிட்டுப் போ" என்பார். நானும் போனால் போகிறது என்று துணி துவைக்கப் போய்விடுவேன். வீடு முழுக்க மைதாவைச் சிந்தி வைத்திருப்பார்கள். அதைக் கூட்டுவதற்கு மட்டும் நான் வேண்டும்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. அதனால் அவர் பங்கு ரோல் மட்டும் தனி. அதில் சர்க்கரை கிடையாது, வெறும் பட்டைத்தூள்தான். மாறிப் போகாமல் இருக்க அதன் தலையில் ஒரு கிராம்பைக் குத்தி வைப்பார். நான் லேசில் நம்புகிற ஆள் இல்லை. அது அவருக்கும் தெரியும். சுடச்சுட அந்த ரோலின் வெளிச்சுற்றைப் பிய்த்து என் வாயில் வைத்துவிட்டு, "சொல்லு, இனிக்கிதா?" என்பார். இனிக்காது. சப்பென்று இருக்கும். இந்த மனுசன் இதைப் போய் இவ்வளவு ஆசையாகத் தின்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருக்கும்.

ஆனாலும் சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. டாக்டரைத் திட்டினேன். மாத்திரையைத் திட்டினேன். அரிசியை நிறுத்திவிட்டு வரகும் சாமையும் வடித்துக் கொட்டினேன். என்ன செய்து என்ன பிரயோசனம்? ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

அவருக்கு ஒரே அக்கா. பக்கத்துத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். என் நாத்தனார். சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் மாரில் அடித்துக்கொண்டு, "அந்த ரொட்டிதான் என் தம்பியக் கொன்னுருச்சு. பொண்டாட்டியும் மகளும் இனிப்ப ஊட்டியே கொன்னுட்டாளுக" என்று அழுதார். எனக்குத் துக்கத்தையும் மீறி ஆத்திரம் பொங்கியது.

"அவர் ரோல்ல ஒரு பொட்டுச் சீனி கெடையாதுங்க அண்ணி. கிராம்பு குத்துனதத் தவிர வேற எதையும் அவர் தொட்டதில்ல. இந்தா படுத்திருக்காரே, அவர் மேல ஆணை" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. சண்டை வேண்டாம் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நாத்தனாரும் நானும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை பிசைந்த மாவில் பாதியைச் சுட்டுவிட்டு, மீதியை அடுத்த வாரத்துக்கு என்று சுருட்டி ஒரு டப்பாவில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்திருந்தார். ஆறு ரோல். அதில் ஒன்றில் கிராம்பு. காரியமெல்லாம் முடிந்து, ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். "அதத் தொடாதம்மா, அப்பா பண்ணது" என்று மகள் டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கி உள்ளே வைத்தாள். துக்க வீட்டில் வருஷம் திரும்புகிற வரைக்கும் இனிப்புச் செய்யக் கூடாது. அதனால் நானும் விட்டுவிட்டேன். பாசம், வேறென்ன என்று நினைத்தேன். அவள் இல்லாத நேரத்தில் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். மாவில் அவர் விரல் அமுங்கிய தடம் அப்படியே உறைந்து கிடக்கும்.

ஐப்பசி மழையில் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போனது. இன்று வரும், நாளை வரும் என்று பார்த்து இரண்டாம் நாள் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே தண்ணீர் கட்டி நின்றது. டப்பாவின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே மாவு உப்பியிருந்தது. அவர் போய் மூன்று மாதம். அவர் போட்ட ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மதியத்துக்குள் புளித்து நாறிவிடும். ஓவனுக்குக் கரண்ட் இல்லை. கரண்ட் இருந்தாலும் என் வீட்டில் இனிப்புச் சுட முடியாது. என்ன செய்வது என்று மகளிடம் கேட்டேன்.

"தூக்கிப் போட்ரும்மா" என்றாள்.

"நேத்து வரைக்கும் தொடாதன்ன, இன்னிக்குத் தூக்கிப் போடுங்குற. ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று கத்திவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்கு நடந்தேன். அவர் வேறு வீட்டுக்கு வாழப்போனவர். அவர் அடுப்புக்குத் துக்கம் கிடையாது. மழைக்குக் காலேஜ் லீவு என்பதால் மகளும் குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

என்னை வாசலில் பார்த்ததும் நாத்தனாருக்கு முகம் சுருங்கியது. டப்பாவைத் திறந்து காட்டினேன். "அவன் கை பட்டதக் குப்பையிலயா போடுவ? கொண்டா இங்கிட்டு" என்றார்.

இரும்புச் சட்டியில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு தட்டில் ரோல்களை வைத்து, மூடி, கேஸ் அடுப்பைச் சிறுதீயில் வைத்தோம். மணம் கிளம்பியபோது நாத்தனார் சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். தம்பி உயிரோடு இருந்தவரைக்கும் "ஆம்பள மாவு பெசையிறான்" என்று கேலி பேசினவர். ஒரு நாளும் ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை.

அடிப்பக்கம் லேசாகக் கருகியிருந்தது. தட்டை நடுவில் வைத்தோம். நாத்தனார் கிராம்பு குத்தின ரோல் பக்கம் கையைக் கொண்டுபோனார். "இதானே அவனுது? நீ அன்னைக்கு ஆணையிட்டியே. நான் ஒரு வாய் தின்னு பாக்குறேன்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. மூன்று மாதமாக அவர் நெஞ்சில் கிடந்த கேள்வி அது.

"வேணாம் அத்தை" என்றாள் மகள்.

"அவர் பங்கு எனக்குத்தாங்க அண்ணி" என்று நான் எடுத்துக்கொண்டேன். வெளிச்சுற்றைப் பிய்த்து வாயில் போட்டேன். சப்பென்று இருந்தது. இரண்டாவது சுற்றும் அப்படியேதான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பார்த்தீர்களா என்று நாத்தனாரைக் கேட்கத் தயாராகிவிட்டேன். அப்புறம் நடுவைக் கடித்தேன்.

நாட்டுச்சர்க்கரை. உருகிப் பாகாகி, கெட்டியாக, மற்ற ரோல்களில் இருப்பதைவிட இரண்டு பங்கு. வெளியே இரண்டு சுற்றை வெறுமையாக விட்டு நடுவில் வைத்து அடைத்திருந்தார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த வெளிச்சுற்றைப் பிய்த்து என் வாயில் வைத்து ஏய்த்திருக்கிறார். திருட்டு மனுசன். செத்தவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் அதுவரைக்கும் வந்ததில்லை. எதிரே இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

நிமிர்ந்தால் மகள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. அப்பன் கெஞ்சிக் கேட்டதற்காக அந்தச் சர்க்கரையை யார் அள்ளி வைத்தது, சாவு வீட்டில் என் முழங்கையை எதற்குப் பிடித்தாள், மூன்று மாதமாகத் தட்டு முன்னால் உட்கார்ந்து எதை விழுங்க முடியாமல் எழுந்து போனாள் என்று எல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துபோனது. அப்பனைக் கொன்றது தான்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் இட்லிக்காகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்னடி, இனிக்கிதா?" என்றார் நாத்தனார்.

"இல்லைங்க அண்ணி. சப்புன்னு இருக்கு."

"எனக்குத் தெரியும். அவன் சொன்னாச் சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். "எனக்கும் ஒரு துண்டு குடு" என்று கையை நீட்டினார். மீதி முழுவதையும் கிராம்போடு சேர்த்து என் வாயில் திணித்துக்கொண்டேன். பாகு நாக்கைச் சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு என் தலையைத் தடவினார். அவர் கையில் வேறொரு ரோலை எடுத்துக் கொடுத்தேன். மகள் கையிலும் ஒன்றை வைத்தேன். அவள் தின்னாமல் வைத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது தூறல்தான். தெரு முனையில், "இனிச்சுச்சில்லம்மா?" என்று கேட்டாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"இல்லடி. சப்புன்னுதான் இருந்துச்சு."

அவள் நின்றுவிட்டாள். நானும் நின்றேன். நான் சொல்வது பொய் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, கையில் நசுங்கியிருந்த ரோலைக் கடித்து, அழுதுகொண்டே, அந்தத் தெரு முனையிலேயே நின்று தின்றாள்.