ஐஸ் இல்லாமல் ஒரு சாத்துக்குடி

சாத்துக்குடித் தோலின் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்த ஜூஸ் பார்தான் ஞாபகம் வரும். பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டியதும் முனையில் இருந்ததே, அது. மிக்ஸி ஓடும்போது கவுண்டரே அதிரும். அதன் எவர்சில்வர் தகடு எப்போதும் ஈரமாக இருக்கும். கை வைத்தால் ஒட்டும்...

அப்போது நாம் எட்டாம் வகுப்பு. மூன்று வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் பழைய கதையா என்று நம் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் சிரிக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அம்மாவின் போனைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு டைப் செய்கிறேன். பயமாக இருக்கிறது. எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

டெய்சிதான் என்னை முதலில் அங்கே கூட்டிப் போனாள். டியூஷனுக்கு முன்னால், சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு.

அந்தக் கடையில் வரிசை கிடையாது. ஷிப்ட் முடிந்து வருபவர்கள், ஏரியில் வாக்கிங் போனவர்கள் எல்லோரும் கவுண்டரை மொய்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில் கத்துவார்கள். கத்தியவருக்கு ஜூஸ். கத்தாதவர் நிற்க வேண்டியதுதான்.

நான் நின்றேன். என் தலைக்கு மேலே டம்ளர்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒருவழியாகக் கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"இன்னாமா வோணும்?"

"எதுனாலும் பரவாயில்லண்ணா."

"எதுனாலும்னு ஒரு ஜூஸு நம்ம கடைல போடறதில்லமா. தள்ளிக்கோ, பின்னால ஆளு நிக்கிறாங்கோ."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சுட்டது. டெய்சி என் தோளுக்கு மேலே எக்கி நின்று கத்தினாள்.

"அண்ணாத்தே, ஒரு மாதுளை, சக்கர கம்மி! இவளுக்கு எதுனா ஒண்ணு போடு, டியூஷனுக்கு நேரமாய்க்கினு கீது!"

எனக்கு வந்தது பப்பாளி. பப்பாளி வாசனையே எனக்கு ஆகாது. இருந்தாலும் மூச்சை அடக்கிக்கொண்டு முழுசாகக் குடித்தேன். டெய்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது, புடிக்கலன்னா சொல்ல மாட்டியா? உனுக்கு இன்னாதான் புடிக்கும்?"

"தெரியலடி. எங்க வீட்டுல அப்பாதான் சொல்லுவாங்க."

"அப்பா வாயி அப்பாவுக்கு. உன் வாயி இன்னாத்துக்கு கீது, பப்பாளி குடிக்கவா?"

நான் அப்பாவைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. ஹோட்டலுக்குப் போனால் நாங்கள் உட்காரும்போதே அப்பா சொல்லிவிடுவார்: "நாலு ரோஸ்ட், நாலு காபி." அதட்டல் எல்லாம் கிடையாது. அது அவர் பழக்கம். அம்மா, தம்பி, நான், யாரும் எதுவும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. எனக்குக் காபி பிடிக்காது என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அதன் பிறகு டெய்சி ஒரு வேலை செய்தாள். ஒவ்வொரு தடவையும் வேறொரு பழத்தின் ஜூஸை வாங்கி, முதல் மடக்கை எனக்குக் கொடுத்துவிட்டு, "புடிச்சிதா, இல்லியா? பரவால்லன்னு சொன்ன... உதப்பேன்" என்பாள். சப்போட்டா திகட்டியது. அன்னாசி நாக்கை அறுத்தது. சாத்துக்குடியில் நின்றுவிட்டேன். அந்தக் கடைசிக் கசப்பு வரைக்கும் பிடித்தது.

பிடித்ததைக் கண்டுபிடித்தாயிற்று. சொல்ல வேண்டுமே! ஏரிக்கரையில் என்னைத் தண்ணீரைப் பார்த்து நிற்க வைத்தாள். "கத்துடி."

"ஒரு சாத்துக்குடி! ஐஸ் வேணாம்!"

வாக்கிங் வந்த மாமா ஒருவர் திடுக்கிட்டு நின்று, "என்கிட்டயாம்மா கேட்ட?" என்றார். நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிய ஓட்டம்...

அடுத்த முறை கடையில் நல்ல கூட்டம். டெய்சி வேண்டுமென்றே சைக்கிள் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். நான் அந்த ஈரத் தகட்டில் இரண்டு கையையும் ஊன்றினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் கத்தினேன் என்று அவள் இன்றைக்கும் சொல்வாள்.

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உள்பக்கம் திரும்பி, "சாத்துக்குடி ஒண்ணு, ஐஸு இல்லாம!" என்றார்.

அவ்வளவுதான். உலகத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் கேட்டது ஒரு டம்ளரில் எனக்கு வந்தது.

இப்போது டெய்சி வீடு மாறி வேப்பம்பட்டுக்குப் போய்விட்டாள். கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். நாளைக்குக் காலையில் அப்பா என்னைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப் போகிறார். பயாலஜி குரூப் என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். எனக்கு காமர்ஸ் வேண்டும். இதுவரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இன்று மாலை, நான் நாளைக்குச் சேரப் போகிறேன் என்ற சந்தோஷத்தில் அப்பா எங்களை ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். வழக்கம்போல, "நாலு ரோஸ்ட், நாலு காபி."

"எனக்குக் காபி வேணாம்பா. சாத்துக்குடி. ஐஸ் இல்லாம."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். தம்பி வாயைப் பிளந்தான். அம்மா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சர்வரிடம், "மூணு காபி. ஒரு சாத்துக்குடி, ஐஸ் போடாதீங்க" என்றார்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு நடந்து திரும்பும்போது மெதுவாகக் கேட்டார். "இத்தன நாளா காபி புடிக்காமத்தான் குடிச்சியாம்மா?"

"ஆமாப்பா."

ரோட்டைத் தாண்டியதும் மறுபடி கேட்டார். "வேற என்னலாம் சொல்லாம வச்சிருக்க?"

காமர்ஸ் என்று வாய் வரைக்கும் வந்தது. "காலையில சொல்றேன்பா" என்றேன். அவர் விடிந்ததும் கேட்பார். மறக்கிற ஆள் இல்லை.

அன்றைக்கு டெய்சி பக்கத்தில் இருந்தாள், கத்திப் பார்க்க ஓர் ஏரியும் இருந்தது. இப்போது போர்வைக்குள் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பார்க்கிறேன்... "அப்பா, எனக்கு காமர்ஸ்."

டெய்சி, காலையில் இதைப் படிப்பாய். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே சொல்லப் போகிறேன்.