குருணை புரளும் குழாய்

"ஏன் அம்மிணி, கடலோரத்து ஊர்க்காரங்களே இந்தத் தொட்டிய வெச்சு மாளாம வித்துப்போட்டுப் போறாங்களாம். கடலையே பார்க்காத நீ மலை மேல வெச்சுக் காப்பாத்திருவியா?"

விடுதி முதலாளி இதைக் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குச் சந்தேகம். அடிவாரத்து விவசாயி அவர். மலை மேல், வாசலூர்பட்டி படகுக் குளத்துக்குப் போகும் வழியில் விடுதி கட்டியிருந்தார். சிங்கப்பூர் போய் வந்ததிலிருந்து வரவேற்பறையில் கடல்மீன் தொட்டி வைக்க வேண்டும் என்று ஒரே ஆசை. தொட்டி, உப்பு மூட்டை, பாறை, மீன் எல்லாம் சென்னையிலிருந்து லாரியில் மலை ஏறின. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது, விலங்கியல் பட்டத்தோடு நான் போய் நின்றேன்.

"படிச்சிருக்கேனுங்க" என்றேன்.

"நீ படிச்சது மீனுக்குத் தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் கூச்சம் கிடையாது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. கைப்பையில் தொட்டிச் சாவி இருந்தால் ஆசிரியர் வேலை கிடைத்ததைப் போலவே நடப்பேன்.

சில மாதங்களில் பாசி பிடித்துத் தொட்டி பச்சையாகிவிட்டது. கண்ணாடியைத் துடைத்தால் பாறையில் படரும். பாறையைத் தேய்த்தால் மணலில் படரும். மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. என் கவலை வேறு. அந்தப் பாறையின் ஒரு மூலையில், யாரும் வாங்காமல், யாரும் வைக்காமல், நகத்தளவு பவளம் ஒன்று தானாக முளைத்திருந்தது. தீனி போட்டால் மெல்ல விரல் நீட்டும். அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தவள், "கல்லுக்குப் பசிக்குமா கண்ணு?" என்று கேட்டாள். பச்சை இழைகள் அதன் விளிம்புவரை வந்திருந்தன.

முதலாளி பொறுமை இழந்தார். "ஆடிக் கூட்டம் வாரதுக்குள்ள தெளியலீன்னா தொட்டியக் கழுவிக் கவுத்துட்டு, நல்ல தண்ணி ஊத்தித் தங்கமீனு உட்டுப்போடலாம்." நல்ல தண்ணீரில் பவளம் ஒரு பொழுதுகூடத் தாங்காது.

நாமக்கல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். பயிருக்கு எது உரமோ, அதுவேதான் பாசிக்கும் உரம். உப்புக் கரைத்துத் தொட்டியில் ஊற்றும் ஓடைத் தண்ணீர், உரம் போட்ட மரவள்ளிக் காடுகளைக் கழுவிக்கொண்டு வருகிறது. நாங்கள் போடும் தீனியிலும் அந்த பாஸ்பேட் சத்து உண்டு. அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ள, இரும்புத் துரு நிறத்தில் ஒரு குருணை விற்கிறார்கள். துணிப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டால் தண்ணீர் பையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். குருணைக்குள் புகுந்து வர வேண்டுமானால் தனிக் குழாயும் சின்ன மோட்டாரும் தேவை. இதற்கு ரியாக்டர் என்று பெயர். சென்னையிலிருந்து ஆயத்தமாக வாங்கலாம். ஆனால் அவர்கள் விற்றது பெரிய தொட்டிகளுக்கானது. குருணையை மட்டும் வரவழைத்தேன்.

அப்பாவிடம் மிளகுக் கொடிக்குத் தண்ணீர் விட்டதில் மிஞ்சிய பிவிசி குழாய் இருந்தது. அறுத்து, இரு முனையிலும் மூடி ஒட்டினோம். நிரப்பும்போதுதான் எங்கள் மலைக்காரப் புத்தி வேலை செய்தது. எங்கள் ஊரில் மூட்டை தொளதொளவென்று இருந்தால் கட்டியவருக்குக் கேவலம். சாமையானாலும் மிளகானாலும் தரையில் தட்டி, குலுக்கி, குச்சியால் குத்தி, இனி ஒரு மணி நுழையாது என்னும்வரை திணிப்பார்கள். அப்பா குத்த, நான் அள்ளிப் போட்டேன்.

"இனி எறும்புகூடப் போகாது சாமி" என்றார் பெருமையாக.

எறும்பு போகாத இடத்தில் தண்ணீர் எப்படிப் போகும் என்று எனக்கும் தோன்றவில்லை. மோட்டார் ஓடியது, மறுமுனையில் தண்ணீரும் வந்தது. பச்சை மட்டும் குறையவில்லை. கடைசியில் குழாயை அறுத்துப் பார்த்தோம். குருணை முழுக்க செங்கல்லாக இறுகியிருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு துளை. தண்ணீர் அத்தனையும் அந்த வழியாகவே போயிருக்கிறது.

"எலி வங்கு மாதிரில்ல இருக்குது!" என்றார் அப்பா. எனக்கு அழுகை வந்தது. அவர் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன்.

அடுத்தது கண்ணாடிபோல உள்ளே தெரிய வேண்டும் என்று முடிவு செய்தேன். வீட்டுக் குடிநீர் வடிகட்டிக்கு விற்கும் தெளிந்த பிளாஸ்டிக் குடுவை ஒன்றை நாமக்கல்லில் வாங்கினேன். தண்ணீர் அடியிலிருந்து ஏறும்படி நடுவில் குழாய், மேலும் கீழும் ஸ்பாஞ்சு, வேகத்தைக் குறைக்க ஒரு வால்வு. மிச்சமிருந்த குருணையை அம்மா வாங்கி, சாமையில் கல் அரிப்பதுபோல் சட்டியில் ஆட்டி ஆட்டிச் செந்தூசியைக் கழுவினாள். குடுவையில் பாதிதான் போட்டேன்.

"அரை மூட்டையா?" அப்பாவுக்கு மனசே வரவில்லை.

"அரைதானுங்க. அதுக்குப் புரள எடம் வேணும்."

வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். குருணையின் மேல்பரப்பு முதலில் நடுங்கியது. பிறகு கஞ்சி கொதிக்கப்போகும்போது சாமை அசையுமே, அப்படி மெல்லப் புரண்டது. வால்வை அந்த அளவிலேயே நிறுத்தினேன்.

ஆடி பிறப்பதற்குள் பச்சை இழைகள் வெளுத்து உதிரத் தொடங்கின. மீன் பார்க்க வந்தவர்களை முதலாளி குடுவையின் பக்கம் இழுத்துப்போய், "எங்க அம்மிணி செஞ்ச மிசினுங்க, சிங்கப்பூர்லகூட நான் பார்க்கல" என்று காட்டினார். தங்கமீன் பேச்சை அவர் மறுபடி எடுக்கவேயில்லை.

பவளத்தின் ஓரத்தில், சுற்றிலும் விரல்களோடு இன்னொரு குட்டி வாய் முளைத்திருந்தது. வளரத் தொடங்கிவிட்டால் அதற்கு எலும்பு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். அதற்கு வேறொரு ரியாக்டர்: உள்ளே சுண்ணாம்புக் கல், கல்லைக் கரைக்கக் கரியமில வாயு. மலையில் அந்த வாயுவுக்கு எங்கே போவது? அடிவாரத்தில் சேந்தமங்கலத்து சோடாக் கடைக்காரரிடம் கேட்டு, அவருடைய சின்ன சிலிண்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு அது உருளாமல் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"ஏனுங்க, மேல சோடாக் கடை போடறீங்களா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க" என்று சிலிண்டருக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டேன்.