இடுப்பில் கட்டிய கல்

இலுப்பூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் விஞ்ஞான ஆசிரியராக இருக்கிறேன். ஜெகதாப்பட்டினத்துக் கடலில் பவளப்பாறை இருப்பதாகக் கேள்விப்பட்டு, அடியில் உட்கார்ந்தே அதைப் பார்த்துவிடுவது என்று கோடை விடுமுறை முழுதும் திட்டம் போட்டேன். லாரி டியூபில் கண்ணாடி பதித்து முகமூடி செய்தேன். மூச்சு விட ஒன்பதடி ரப்பர் குழாய். மேலே மிதந்து வராமலிருக்க ஒரு கல்.

துணைக்கு வந்த சவரிமுத்து சங்கு குளிப்பவர். நான் கல்லை இடுப்பில் கட்டுவதைப் பார்த்துப் பதறினார்.

"கட்டாதீங்க சார், கையில புடிச்சுக்கங்க."

"கை நழுவிட்டா?"

"நழுவணும்னுதான சார் கையில புடிக்கிறது!"

படித்தவனல்லவா, நான் கேட்கவில்லை. இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டு படகிலிருந்து பாறையோரம் இறங்கினேன். குழாயின் மறுமுனையை அவர் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டார்.

ஒன்றரை ஆள் ஆழம்தான். மூச்சை இழுத்தேன், வரவில்லை. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்தது போலிருந்தது. நீரின் அழுத்தம்! வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நான் நடத்தும் பாடம். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நனைந்த கயிறு இறுகிப் போயிருந்தது. குழாயைப் பிடித்து வெறியோடு இழுத்தேன். அடுத்த கணம் சவரிமுத்து கத்தியோடு என் பக்கத்தில் இருந்தார்.

கரை மணலில் விழுந்து மூச்சு வாங்கினேன்.

"நல்லா வாங்கிக்கங்க சார். இங்கிட்டு அதுக்குக் குழா வேணாம்" என்று அவர் சிரித்தார். உயிர் திரும்பிய சந்தோஷத்தில் நானும் சிரித்தேன்.

விடுமுறைக்கு இப்போதும் போகிறேன். முகமூடியோடு மேலே மிதந்தபடியே பவளத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்தக் குழாய் நீரழுத்தப் பாடம் நடத்தும் நாளில் மட்டும் வகுப்புக்கு வரும். கடலில் இறங்கும்போது அரைஞாணைத் தவிர என் இடுப்பில் ஒரு கயிறும் கிடையாது.