உளுந்தங்களியும் தீராத தாகமும்

அளவுக்கு மீறிக் கனிந்த வாழைப்பழத்தின் வாசனை இன்றும் எனக்கு ஆகாது. பழக்கடையைக் கண்டாலே தெருவின் மறுபக்கம் மாறிவிடுவேன், ஏனென்றால் எனக்குப் பன்னிரண்டு வயதான கோடையில் அந்த வாசனை என் வாயிலிருந்துதான் வந்தது.

அப்போது மூலக்குளத்தில் குடியிருந்தோம். அப்பா நோணாங்குப்பத்தில் படகு ஓட்டப் போய்விடுவார்; வீட்டில் அம்மாவும், அப்பாவின் அக்காவான அத்தையும், நானும்தான். வெயில் ஏறியதும் எனக்கு ஒரு தாகம் பிடித்தது. தாகமா அது! சொம்பு சொம்பாகக் குடித்தாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், குடித்த கையோடு கழிவறைக்கு ஓட வேண்டும், தூக்கம் கெட்ட அலுப்பில் பகலில் புத்தகத்தின் மேலேயே சாய்ந்துவிடுவேன். அத்தை அதற்குச் "சூடு" என்று பெயர் வைத்து நன்னாரி சர்பத் கலக்கிக் கொடுத்தாள். குடித்தேன், மறுபடி தாகம் எடுத்தது, மறுபடி சர்பத் வந்தது. கழிவறையில் எறும்பு சாரைசாரையாக மொய்த்தது. அத்தை எறும்புப் பொடியைத் தூவிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியபோதுதான் அம்மா பயந்தாள். அத்தையோ சிரித்தாள்.

"எதுக்குடி பயப்படுற? பொண்ணு வயசுக்கு வரப்போறா, அதான் இளைக்கிறா. இடுப்புல பெலம் வேணும், களி கிண்டிக் குடு."

பெண்பிள்ளை பெரியவளானால் கொடுக்கும் உளுந்தங்களி எனக்கு முன்கூட்டியே கிடைத்தது. நிறைய வெல்லம் போட்டு, நல்லெண்ணெய் மினுமினுக்க, காலையில் வெறும் வயிற்றில் அம்மாவே உருட்டி ஊட்டுவாள். நான் எவ்வளவு தின்றேனோ அவ்வளவு இளைத்தேன். அத்தை அதற்குள் தாய்மாமன் சீர் வரைக்கும் பேச ஆரம்பித்திருந்தாள்!

ஒருநாள் தின்ற களி அப்படியே வாந்தியாக வந்தது. படுத்திருந்தபடியே ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கியது. வாயைத் துடைக்கக் குனிந்த அம்மா சட்டென்று நின்றாள்.

"பழம் தின்னியாடி?"

"இல்லம்மா."

வீட்டில் பழமே கிடையாது. அம்மாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது கதிர்காமத்துக்குப் பறந்த ஆட்டோவும், ஆஸ்பத்திரியில் என் விரலில் குத்திய ஊசியும்தான்.

"பாப்பாவுக்கு சுகரும்மா, ரொம்ப ஏறிப்போயிருக்கு, அதான் மூச்சுல பழ வாசன" என்றார் டாக்டரம்மா.

"சின்னப் புள்ளைக்கு சுகரா?" அத்தை சண்டைக்கே போய்விட்டாள். "வேற யாரு ரத்தத்தையோ பாத்துட்டுச் சொல்றீங்க!"

"கொழந்தைங்களுக்கும் வரும்மா. இன்சுலின் சுரக்கிற செல்லுகள உடம்போட எதிர்ப்பு சக்தியே அழிச்சிடுது. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா புள்ள கைக்குக் கெடச்சிருக்க மாட்டா. காலையில என்ன குடுத்தீங்க?"

"உளுந்தங்களி" என்றாள் அம்மா. அப்படியே தரையில் உட்கார்ந்து, ஊட்டிய கையையே வெறித்துப் பார்த்தாள். களியால் வந்த நோயில்லை, கொடுக்காவிட்டாலும் வந்திருக்கும் என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. எனக்கோ வேறொரு திகைப்பு. அடிபடவில்லை, யாரும் எதுவும் செய்யவில்லை, என் உடம்பே என்னை இப்படிச் செய்யுமா? இனி ஆயுசுக்கும் ஊசி என்றார்கள். ஆயுசு என்றால் எவ்வளவு என்றுகூடத் தெரியாத வயது.

அடுத்த வருடம் நான் உண்மையாகவே பெரியவளானபோது வீட்டில் யாரும் களி கிண்டவில்லை.

இப்போது இன்சுலின் குப்பியும் ஊசியும் போய்ப் பேனா மாதிரி ஒன்று வந்துவிட்டது, கைப்பையில் கிடக்கிறது. அத்தை இல்லை. களி கிண்டிய சட்டி எங்கே போனதென்று தெரியவில்லை. என் மகளுக்கு ஏழு வயது. போன வாரம் வெயிலில் விளையாடிவிட்டு வந்தவள் ஒரு டம்ளர் தண்ணீரைக் கடகடவென்று குடித்து, "இன்னொண்ணு" என்று நீட்டினாள். எல்லாக் குழந்தையும் கேட்பதுதான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"ஊதுடி கண்ணு."

அது ஏதோ விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அவள் ஊதினாள். அம்மா கண்ணை மூடி முகர்ந்தாள்.

"ஒண்ணுமில்ல, குடு" என்று அம்மா சொன்ன பிறகுதான் நான் தண்ணீரை ஊற்றினேன்.