சாவியை வாங்கிக்கொள்ளாத தேவராஜன் அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். கிள்ளானில் என் கடையில் உட்கார்ந்து, ஒரு நிச்சயதார்த்தத்துக்கான சீர்தட்டுகளுக்குச் சரிகை நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணத் தொழில் செய்கிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் கைப்பேசிக் குழுவில் பூக்கடை ஜெயா எழுதியிருந்தார்: "நம்ம தேவராஜன் அண்ணன் இன்னிக்குக் காலைல தவறிட்டாரு. மாரடைப்பு." பசை காய்ந்துபோகும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கீழே கூப்பிய கைகளாக வந்து குவிந்தன. மத்தியானம் யாரோ வாடகைப் பந்தலுக்கு விளம்பரம் போட்டார், இன்னொருவர் புடவைப் படங்கள் போட்டார். சாயங்காலம் அண்ணன் இறந்த செய்தியைத் திரும்பப் பார்க்க, விரலால் தள்ளித் தள்ளி மேலே போகவேண்டியிருந்தது. அவர் இருந்திருந்தால், "பாத்தியாமா, நான் அப்பவே சொன்னேன்ல?" என்று இதற்கும் சிரித்திருப்பார்.

அவரைத் தெரிந்தவர்கள்தான் இதைப் பெரும்பாலும் படிப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேவராஜன் அண்ணன் பிரிக்பீல்ட்ஸில் மாடியில் ஒரு சின்ன அச்சகம் வைத்து கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுத்தவர். அவரிடம் பத்திரிகை அடிக்க வருகிறவர்களை என்னிடம் தட்டுக்கு அனுப்புவார். என்னிடம் வருகிறவர்களை நான் அங்கே அனுப்புவேன். ஜனங்கள் கைப்பேசியிலேயே அழைப்பு அனுப்ப ஆரம்பித்ததும் அவருடைய இயந்திரம் பாதி நாள் சும்மா நின்றது. வேறு ஆளாக இருந்தால் காலத்தைத் திட்டிக்கொண்டே கடையை மூடியிருப்பார். அண்ணனோ ஐம்பது வயதுக்கு மேல், இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கணினியை வைத்து, இணையத்தளம் கட்டக் கற்றுக்கொண்டார். எனக்கெல்லாம் அந்த வயதில் புது மிக்ஸியை ஓட்டவே பயம்.

கற்றுக்கொண்ட கையோடு என்னிடம்தான் முதலில் வந்தார். நான் மசியவில்லை. "எனக்கு எதுக்கு அண்ணே? என் சோஷியல் மீடியா பக்கத்துல நாலாயிரத்துச் சொச்சம் பேர் இருக்காங்க. படம் போட்டா பத்து நிமிஷத்துல கேக்குறாங்க" என்றேன்.

"நல்லதுதானே, நான் வேணாங்கலியே. ஆனா அது பாசார் மாலாம் மாதிரிமா. கூட்டம் வரும், வியாபாரம் ஆகும். மறுநாள் காலைல ஒருத்தர் உன்னத் தேடி வந்தா அங்க வெறும் ரோடுதான் இருக்கும். உனக்குன்னு ஒரு கடை வேணாமா?"

ராத்திரிச் சந்தைக்கும் கடைக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? அந்த ஒரு பேச்சில் விழுந்துவிட்டேன்.

அவர் வேலை செய்த விதம் இருக்கிறதே, அதை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூன்று நாள் கோமுட்டர் ரயில் ஏறி கிள்ளானுக்கு வந்து, கடை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பால் சேர்க்காத தே ஓ குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர்கள் கேட்டதை எல்லாம் சின்ன நோட்டில் எழுதினார். ஜெஞ்சாரோமிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "ஒம்போது தட்டுக்கு லோரி வேணுமா, கார் போதுமா?" என்று கேட்டார். ஒரு பெண், "தட்ட மறுநாளே திருப்பித் தரணுமா அக்கா?" என்றாள். இதே கேள்விகளுக்கு இத்தனை வருஷமாக வாய் வலிக்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருநாளும் கவனித்ததில்லை.

தளம் தயாரானதும் பார்த்தால், முதல் பக்கம் முழுக்க அந்தக் கேள்விகளும் பதில்களும். எனக்கு வந்ததே கோபம்! பட்டுப்புடவை கட்டி, ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்த என் படத்தைக் காணோம்.

"தேடி வர்றவங்க உன் மூஞ்சியப் பாக்க வரல, கலா. கோச்சுக்காத" என்றார்.

கோபித்துக்கொண்டேன். ஒரு வாரம் பேசவில்லை.

அந்தத் தளத்தில் ஒரு படிவம் இருந்தது. கல்யாணத் தேதி, ஊர், எத்தனை தட்டு, தொலைபேசி எண் என்று நிரப்பினால் என் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். ஆனால் என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் சமூக ஊடகப் பக்கத்தின் உள்பெட்டியில்தான் எழுதினார்கள். அதையும் எடுத்துப் படிவத்தில் நானே ஏற்றவேண்டும் என்பது அண்ணன் உத்தரவு. திங்கள்கிழமை தவறாமல் கூப்பிடுவார்: "ஏத்திட்டியா?" அந்தத் தொல்லை தாங்காமல்தான் ஏற்றிவந்தேன். ஒரு திங்கள் மட்டும் தலைவலி என்று படுத்துக்கொண்டு, "ஏத்திட்டேன் அண்ணே" என்று பொய் சொன்னேன்.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்லியாகவேண்டும். கடை திறந்த நாளில் வருஷா வருஷம் பூசை போட்டு, அக்கம்பக்கத்துக் கடைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பது எங்கள் வழக்கம். 'கடைக்குப் பிறந்தநாள்' என்றே சொல்வோம். ஆடியில் வேலை இல்லாத ஒருநாள் சமூக ஊடகப் பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தபோது பிறந்த தேதி கேட்டது. பக்கம் கடையின் பெயரில்தானே இருக்கிறது என்று, கடை திறந்த தேதியைப் போட்டேன். எல்லோரும் கடையை வாழ்த்துவார்களே என்ற ஆசை. கடைக்கு அப்போது ஒன்பது வயது. மறுநாள் காலை பக்கமே இல்லை. சிறுபிள்ளைகளுக்கு அனுமதி கிடையாதாம், மூடிவிட்டார்கள். அடையாள அட்டையை அனுப்பினேன். அட்டையில் இருப்பது என் பெயர், பக்கத்தில் இருப்பது கடையின் பெயர், செல்லாது என்று பதில் வந்தது. நாலாயிரம் பேர், ஒன்பது வருஷத்துப் படங்கள், உள்பெட்டி எல்லாம் போய்விட்டன. இரண்டு வாரத்தில் ஆவணி பிறக்கிறது. அந்த மாதம் பதினொரு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

தொலைபேசியில் நான் அழுத அழுகைக்கு அண்ணன் அடுத்த ரயிலிலேயே வந்தார். நடந்ததைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஒம்போது வயசுப் புள்ளைக்குக் கல்யாண வேலை குடுத்தா விடுவாங்களா?" என்றார். பிறகு என் மின்னஞ்சலைத் திறக்கச் சொன்னார். திங்கள்கிழமைத் தொல்லையின் பலனாகப் பத்துக் கல்யாணம் பத்திரமாக இருந்தது. பதினொன்றாவது இல்லை. நான் பொய் சொன்ன வாரத்தது அது. காஜாங், இருபத்தொரு தட்டு என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. தேதியும் தெரியாது, பெயரும் தெரியாது. யாரோ ஒரு பெண் மணவறையில் சீர்தட்டில்லாமல் நிற்கப்போகிறாள், காரணம் நான். அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. தளத்தின் முதல் பக்கத்தில், எல்லாக் கேள்விகளுக்கும் மேலே, ஒரு கேள்வியைச் சேர்த்தார்: "எங்கள் பழைய பக்கத்தைக் காணவில்லையா? பக்கத்தைத்தான் மூடிவிட்டார்கள், கடை திறந்திருக்கிறது. ஆவணிக்குச் சொல்லிவைத்தவர்கள் உடனே கூப்பிடுங்கள்."

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காஜாங்கிலிருந்து பெண்ணின் சித்தி கூப்பிட்டார். "என்னாக்கா, பக்கத்தையே காணோம், நீங்க ஓடிட்டீங்கன்னு நெனச்சோம்லா! கடைப் பேர அடிச்சுத் தேடுனா இங்க இருக்கீங்க." இருபத்தொரு தட்டும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. அன்று அண்ணனுக்குக் கும்பிடு போட்டேன். "எனக்கு எதுக்கு? புதுப் பக்கம் ஒன்னு தொறந்துக்க, ஒழுங்கா உன் வயசப் போடு" என்றார்.

இப்போது எனக்கு வெட்கமான ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டுக் கூடத்தில், அவர் தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, "இனி நம்ம தளம் என்னாகும்?" என்ற நினைப்பு எனக்கு வந்தது. வெளியே செருப்புப் போடும்போது ஜெயாவும் அதையேதான் கேட்டார். அவர் தளம் கட்டிக்கொடுத்த கடைக்காரர்கள் எல்லோரும் அன்று ஆளுக்கொரு கைப்பேசியில் பார்த்தோம். ஒவ்வொரு தளமும் அவரவர் பெயரிலேயே பதிவாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பும் அவரவருக்கே வரும். அவர் போனதால் எங்களில் ஒருவர் கடைக்கும் கதவு அடைபடவில்லை.

என் தளத்துக்கு மறைச்சொல் வைத்த நாள் அப்போதுதான் ஞாபகம் வந்தது. "நீங்களே ஒன்னு போட்டு வச்சுக்குங்க அண்ணே" என்றேன். "உன் வீட்டுச் சாவி எனக்கு எதுக்கு? நாளைக்கு நான் இல்லைன்னா என்ன பண்ணுவ?" என்று சொல்லி, நான் எழுத்துகளை அடிப்பது கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் கோலம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. கேலிக்காக ஒரு படம் எடுத்துவைத்தேன்.

கருமாதி முடிந்து வந்து, அவர் பெயரை இணையத்தில் தேடினேன். ஒன்றும் வரவில்லை. எங்கள் எல்லோருக்கும் கட்டிக்கொடுத்த மனிதர் தனக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொள்ளவில்லை. நாங்கள் குழுவில் எழுதிய அஞ்சலிகள் எல்லாம் எங்கோ மேலே போய்விட்டன. அழுதேன். பிறகு மறைச்சொல்லைப் போட்டு, அவர் துணையில்லாமல் முதல்முறையாக என் தளத்தில் ஒரு புதுப் பக்கம் திறந்தேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதுதான். தட்டுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும். நான் கடை நடத்தும்வரை இருக்கும். தேவராஜன் என்று யார் எப்போது தேடினாலும் இங்கே வந்து சேரட்டும்.

இந்தத் தளத்தில் இன்றுவரை யாருடைய படமும் கிடையாது. இன்றைக்கு ஒன்று போட்டிருக்கிறேன், கீழே இருக்கிறது. முகம் தெரியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், அவர்தான்.